நூத்துக்கு எத்தனை தூசி?

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆணி அதிகம், வேறென்ன. இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ கையில் எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு உச்சரிப்புப் பாடம். வெல்ஷ் மொழியில் எஃப் ஒத்தையா வந்தா அது 'வ'. டி ரெண்டு சேர்ந்து வந்தா 'த'. பள்ளத்தாக்குக்கு அவங்க வார்த்தை 'கூம்'. எழுதிப் பாத்தா அதுல ஆங்கில உயிரெழுத்து ஒண்ணுகூட இருக்காது. நம்ம 'ழ'வை வச்சு வெள்ளைக்காரனைப் படுத்துறோமில்ல, அதுக்குப் பதிலடின்னு நினைச்சுக்கோங்க :-) மேப்ல பார்த்து நாம 'ரோண்டா'ன்னு படிக்கிற இடத்துக்கு உள்ளூர்ல 'ரோந்தா'ன்னு பேரு. அதுலயும் பெரிய ரோந்தா, சின்ன ரோந்தான்னு ரெண்டு பள்ளத்தாக்கு. என் தாய்மாமா சின்ன ரோந்தாவில் முப்பத்திநாலு வருஷம் டாக்டரா இருந்தார். 2013ல் ரிட்டயர் ஆகியும் அதே தெருவில்தான் இருக்கார்.

பாளையங்கோட்டைக்காரர் அங்கே எப்படிப் போனார்னு கேட்டா, கதை அவருக்கு மட்டும் உரியதில்லை. அறுபது, எழுபதுகளில் இந்தியாவிலேர்ந்தும் பாகிஸ்தானிலேர்ந்தும் போன டாக்டர்களுக்கு லண்டன் பெரியாஸ்பத்திரிகளில் நல்ல பதவி அவ்வளவு லேசில் கிடைக்காது. உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத இடங்கள் காலியா இருக்கும். கரிச் சுரங்க ஊர்கள் அதில் முதல் வரிசை. சௌத் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் ஒரு தலைமுறை முழுக்க நம்ம பக்கத்து டாக்டர்களாலதான் ஓடிச்சு. பிபிசி இதை வச்சே 'தி இண்டியன் டாக்டர்'னு 2010ல் ஒரு தொடர் எடுத்தாங்க. மாமா ரெண்டு எபிசோட் பார்த்துட்டு, "கோட்டு சூட்டு ரொம்ப நல்லா இருக்கு. என்கிட்ட இருந்தது ஒரு ஸ்வெட்டர்" அப்படின்னு அணைச்சுட்டார்.

2023 ஜூன்ல நான் அங்கே போனதுக்கு ஒரு காரணம் இருந்தது. மாமா பொண்ணு லண்டன்லேர்ந்து கூப்பிட்டா. "அத்தான், நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க. அந்த வீட்டை வித்துட்டு இங்க வரச் சொல்லுங்க. இல்ல, ஊருக்காவது போகச் சொல்லுங்க. அந்த மலை மேல எனக்கு நம்பிக்கையே இல்ல." அவ பயம் சும்மா இல்லை. 2020 பிப்ரவரி 16ந்தேதி, டெனிஸ் புயல் மழையில், அதே பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் ஊருக்கு மேல இருந்த பழைய கரிக்கழிவு மேடு சரிஞ்சது. அறுபதாயிரம் டன் கருப்புச் சேறு ஆத்துக்குள்ள வந்து விழுந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா வீடியோ உலகமெல்லாம் சுத்திச்சு. மாமா வீட்டு மாடியிலேர்ந்து பார்த்தாலும் மேல ஒரு மேடு தெரியும். புல் முளைச்சு, ஆடு மேய்ஞ்சுக்கிட்டு, பாக்க அப்பாவியாத்தான் இருக்கும்.

ஆக, தூது போனேன். வீட்டுக்குள்ள போய் உக்காந்ததுமே மாமாவுக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. "என்னல மருமவனே, என் மவ அனுப்பிச்சாளா? இரு. ரெண்டு நாள் சுத்திக் காட்டுதேன். பொறவு நீயே சொல்லு."

அந்த ரெண்டு நாள்தான் இந்தப் பதிவு.

பள்ளத்தாக்குன்னதும் ஊட்டி மாதிரி கற்பனை பண்ணாதீங்க. குறுகலான பிளவு. கீழே ஆறு, ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டின வீட்டு வரிசை, கிலோமீட்டர் கணக்கில். அக்ரகாரத்தை எடுத்து மலைச்சரிவில் சாய்ச்சு வச்சா எப்படி இருக்குமோ அப்படி. 1851 மக்கள்தொகைக் கணக்கில் ரோந்தாவில் ஆயிரம் பேர்கூட இல்லை, ஆடு மேய்ப்பவங்கதான். 1911ல் ஒன்றரை லட்சம் பேர். அறுபதே வருஷம்! பூமிக்கடியில் இருந்தது நீராவிக்கரி. புகை கம்மி, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. கார்டிஃப், பாரி துறைமுகங்கள் வழியா ஏடன், கொழும்புன்னு கப்பல்கள் கரி நிரப்பிக்கிற இடத்துக்கெல்லாம் போச்சு. உச்ச வருஷம் 1913. சௌத் வேல்ஸ்ல மட்டும் 5 கோடியே 68 லட்சம் டன் கரி, கிட்டத்தட்ட 2 லட்சத்து 30 ஆயிரம் தொழிலாளிங்க. அதுக்கப்புறம் கடற்படை எண்ணெய்க்கு மாறிச்சு, வாங்கின நாடுகள் தாங்களே தோண்ட ஆரம்பிச்சாங்க. ஒரே சரக்கை நம்பி கட்டின ஊர்களுக்கு அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் நாள் பிக் பிட் போனோம். பிளைனாவன் ஊர்ல 1980ல் மூடின சுரங்கம், 1983லேர்ந்து மியூசியம். மியூசியம்னா கண்ணாடிப் பெட்டி இல்லை, நிஜமாவே 300 அடி கீழே கூட்டிட்டுப் போறாங்க. கூண்டில் ஏறுறதுக்கு முன்னாடி செல்ஃபோன், கைக்கடிகாரம், கார் சாவி ரிமோட், பேட்டரி இருக்கிற எல்லாத்தையும் வாங்கி வச்சுடறாங்க. மீத்தேன் வாயு இருக்கக்கூடிய இடம், ஒரு பொறி போதும். தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு, இடுப்புல கனமா ஒரு பெல்ட். "ஏல, கேமராவ உள்ள வச்சிட்டு வா"ன்னு மாமா என்னை ஸ்கூல் பையன் மாதிரி மிரட்டினார். அதனாலதான் இந்தப் பதிவுல படம் கிடையாது.

கூட வந்த வழிகாட்டி முன்னாள் சுரங்கத் தொழிலாளி. கீழே ஒரு இடத்தில் நிறுத்தி எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணுக்கு முன்னாடி கையை ஆட்டினா கை தெரியலை. ராத்திரி கரண்ட் போனா வருமே, அந்த இருட்டு இல்லைங்க இது. அதில் எங்கேயாவது ஒரு கீற்று இருக்கும். இங்கே கண் திறந்திருக்கா மூடியிருக்கான்னே சந்தேகம் வந்துடும். 1842 சட்டத்துக்கு முன்னாடி, அஞ்சாறு வயசுப் பிள்ளைகள் இந்த இருட்டில் ஒரு மரக்கதவு பக்கத்தில் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு பன்னிரண்டு மணி நேரம் உக்காந்திருப்பாங்க. வண்டி வந்தா கதவைத் திறக்கணும், போனதும் மூடணும். காத்தோட்டம் சரியா போறதுக்கு. அந்தச் சட்டம்தான் பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பையன்களையும் எல்லா வயசுப் பெண்களையும் சுரங்கத்துக்குள்ள இறக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு. பதினோரு வயசுப் பையன்? போகலாம்.

குதிரை லாயமும் கீழேயே இருக்கு. ஒவ்வொரு கொட்டடிக்கும் குதிரையோட பேரு. வருஷத்துக்கு ஒருதரம் சுரங்க விடுமுறையப்போதான் அதுங்களுக்கு வெளிச்சம்.

மேல வந்ததும் குளியலறைக் கட்டடத்தைக் காட்டினாங்க. 1939ல் கட்டினது. அதுவரைக்கும் இந்த ஊர்ல சுரங்கத்து வாசல்ல குளியல் இல்லை. உடம்பெல்லாம் கரியோட வீட்டுக்கு வந்து, அடுப்பு முன்னாடி தகரத் தொட்டியில் உக்காரணும். பொண்டாட்டி வெந்நீர் தூக்கி ஊத்தணும். ஒரு வீட்ல அப்பா, மூணு பிள்ளைங்க, வேற வேற ஷிப்ட்டுன்னா அந்தம்மா நிலைமையை யோசிச்சுப் பாருங்க. சுரங்கத்துக்கு உள்ளே போகாதவங்க இடுப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கரி உடைச்சது. முதுகைக் கழுவினா பலம் போயிடும்னு ஒரு நம்பிக்கை வேற, முதுகு மட்டும் கருப்பாவே விட்டுடுவாங்களாம் சிலர்.

சரி, தலைப்புக்கு வர்றேன்.

சாயங்காலம் மாமா சமைச்சார். அத்தை போய் ஆறு வருஷமாச்சு, இப்போ அவர்தான் சொதி வைக்கிறார், தேங்காய்ப்பால் டின்னில் வந்தாலும் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கிட்டே சொன்னார், தான் வந்த புதுசில் பேஷண்ட்டுங்க உள்ளே வந்ததும் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நம்பரைச் சொல்வாங்களாம். "டாக்டர், எனக்கு முப்பது." "டாக்டர், என் வீட்டுக்காரருக்கு ஐம்பது." வயசோ, பல்ஸோன்னு மாமா முழிச்சிருக்கார். நர்ஸ் விளக்கினாங்களாம், அது தூசி.

கரித்தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற வியாதிக்கு நியூமோகோனியோசிஸ்னு வாயில் நுழையாத பேரு. அங்கே அதுக்கு 'டஸ்ட்'னுதான் பேரு. மருத்துவ போர்டு எக்ஸ்ரே பார்த்து, ஊதச் சொல்லி, ஊனம் நூத்துக்கு இத்தனைன்னு ஒரு சதவீதம் போடும். அந்தச் சதவீதத்துக்கு ஏத்த பென்ஷன். தெருவில் எல்லாருக்கும் எல்லாரோட நம்பரும் தெரியும். நம்ம ஊர்ல பிள்ளைங்க பிளஸ்டூ மார்க் மாதிரி. பத்துன்னு போட்டவன் மாடிப்படி ஏற முடியாம கட்டிலைக் கீழ் ரூமுக்கு மாத்தியிருப்பான். ஐம்பதுன்னு போட்டவன் பப்புல பாடிக்கிட்டு இருப்பான். "நம்பருக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இருந்தாத்தான் ஆச்சு"ன்னார் மாமா.

இந்த நம்பர் வர்றதுக்கே அம்பது வருஷம் போராட வேண்டியிருந்தது. கரித்தூசி கெடுதல் இல்லை, கல்தூசிதான் கெடுதல்னு டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. டிரெடிகர் ஊர் சுரங்கத் தொழிலாளி டேவிட் பெவன் 1925ல் இந்த வியாதியில் செத்தார். நஷ்டஈடு பைசா கிடையாது, ஏன்னா பட்டியல்ல அந்த வியாதி இல்லை. அவர் மகன் அன்யூரின் பெவன் பதிமூணு வயசில் சுரங்கத்தில் இறங்கினவர். அந்த ஊர்ல தொழிலாளிங்க சம்பளத்தில் பவுனுக்கு இத்தனை பென்னின்னு பிடிச்சு, தாங்களே டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரின்னு ஒரு மருத்துவ சங்கம் நடத்தினாங்க. பெவன் சுகாதார மந்திரியானதும் அதே யோசனையை நாடு முழுக்க விரிச்சார். 1948 ஜூலை 5ந்தேதி ஆரம்பிச்ச என்.எச்.எஸ். அதுதான். மாமாவுக்கு வேலை கொடுத்ததும் அதுதான்னு வைங்க. (அந்தச் சங்கத்தில் 1920களில் டாக்டரா இருந்த ஏ.ஜே. குரோனின் எழுதின 'தி சிட்டாடல்' நாவல், நம்ம அப்பா தலைமுறை ஆளுங்க நிறைய பேர் படிச்சிருப்பாங்க.)

1943ல்தான் கரித்தூசிக்கும் நஷ்டஈடுன்னு வந்தது. அதிலும் ஒரு முள். சான்றிதழ் வாங்கினா சுரங்க வேலையை விட்டுடணும்னு ஆரம்பகால விதி. வேற வேலை இல்லாத பள்ளத்தாக்கில்! வேலையா, நுரையீரலான்னு ஆளுங்க தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. 1950களின் ஆரம்பத்தில் ஆர்ச்சி காக்ரன்னு ஒரு டாக்டர் இதே சின்ன ரோந்தாவில் வீடு வீடா ஆள் சேர்த்து கிட்டத்தட்ட எல்லாரையும் எக்ஸ்ரே எடுத்தார். ஒரு மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு நிரூபிச்சுட்டுக் கொடுங்கன்னு இப்போ உலகமே சொல்லுதே, அந்தச் சிந்தனைக்கு முன்னோடி அவர். காக்ரன் அமைப்புன்னு இன்னிக்கும் அவர் பேர்லதான் இருக்கு. மாமா கிளினிக் பரண்ல அந்தக் காலத்து எக்ஸ்ரே உறைகள் ரொம்ப நாள் கிடந்ததாம்.

அப்புறம் மாமா சொன்ன விஷயம்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணிச்சு. தூசி உள்ள ஆள் செத்தா, விதவைக்குப் பணம் வரணும்னா சாவுக்குத் தூசிதான் காரணம்னு நிரூபிக்கணும். அதுக்கு உடம்பை அறுத்து நுரையீரலைப் பாக்கணும். இதை வீட்டுக்காரம்மாகிட்ட யார் சொல்றது? டாக்டர்தான். புருஷன் மேல் ரூம்ல கிடத்தியிருக்கும், கீழே டீ கப்பைக் கையில் கொடுப்பாங்க, அப்போ சொல்லணும்.

"மொதத் தடவை எனக்கு நாக்கு எழல. அந்தம்மாதான் கேட்டா, 'அறுக்கணும், அதானே டாக்டர்? உசுரோட இருக்கையில அவரு சொன்னத நம்பல. இப்பவாவது பாக்கட்டும்'னா. பாத்தாவ. இதய நோய்னு எழுதி வந்துச்சு. தூசி இருக்கு, ஆனா அதால சாவலன்னு. நான் மூணு கடுதாசி எழுதினேன். ஒண்ணும் நடக்கல."

"அந்தம்மா உங்க மேல கோவப்படலையா மாமா?"

"கிறிஸ்துமசுக்கு கேக் கொடுத்து விட்டா. செத்துப் போற வரைக்கும், வருசாவருசம்." கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "அதத்தான்ல என்னால தாங்க முடியல."

மறுநாள் கார்ல போகும்போது 1984-85 வேலைநிறுத்தத்தைப் பத்திக் கேட்டேன். தாட்சர் அரசு இருபது சுரங்கங்களை மூடப்போறதா வந்த அறிவிப்பில் ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடினது. சௌத் வேல்ஸ்லதான் கடைசி வரைக்கும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல உறுதியா நின்னாங்க. பொண்டாட்டிமார்கள் பொதுச் சமையல் நடத்தினாங்க, கூட்டத்தில் பேசக் கத்துக்கிட்டாங்க. அழகான கதையா மட்டும் சொல்லிடக்கூடாது. வேலைக்குப் போன ஒருத்தரை ஏத்திட்டுப் போன டாக்ஸி மேல பாலத்திலேர்ந்து கான்கிரீட் கட்டையைப் போட்டு, அந்த டிரைவர் செத்தார். 1984 நவம்பர் 30. தெருக்களில் இன்னும் பேசிக்காத குடும்பங்கள் உண்டாம். மாமா பேண்ட் வாத்தியத்தோட ஜனங்க வேலைக்குத் திரும்பினதை நேர்ல பார்த்திருக்கார். பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிற மார்டி ஊர், 1985 மார்ச். தோத்துட்டுத்தான் போறாங்க, கொடி பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. 1990 டிசம்பர்ல அந்தச் சுரங்கத்தையும் மூடியாச்சு. ரோந்தாவில் அதுதான் கடைசி. 'ஒண்ணும் லாபம் வராது'ன்னு 1994ல் மூடின டவர் சுரங்கத்தை மட்டும் 239 தொழிலாளிங்க தலைக்கு எட்டாயிரம் பவுண்டு போட்டு வாங்கி, 1995லேர்ந்து 2008 வரைக்கும் தாங்களே லாபத்தில் நடத்தினாங்க. கரி தீர்ந்ததும்தான் மூடினாங்க.

போற வழியில் செங்கெனித். 1913 அக்டோபர் 14ந்தேதி வெடிப்பில் 439 தொழிலாளிங்களும், காப்பாத்தப் போன ஒருத்தரும் செத்த ஊர். பிரிட்டன் சரித்திரத்திலேயே பெரிய சுரங்க விபத்து. மேனேஜருக்கு 24 பவுண்டு அபராதம். ஒரு உசுருக்கு ஒரு ஷில்லிங் ஒண்ணேகால் பென்னின்னு அப்போ ஒரு பத்திரிகை வகுத்துப் போட்டிருந்தது. கம்பெனிக்கு அப்பீல்ல பத்து பவுண்டு.

மத்தியானம் அபர்வான். இதை நிறைய எழுத எனக்கு மனசு வரலை. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால். மலை மேல ஊற்றுக்கண் மேலயே கொட்டி வச்சிருந்த ஏழாம் நம்பர் கழிவு மேடு சரிஞ்சு பேண்ட்கிளாஸ் ஆரம்பப் பள்ளி மேல வந்தது. 144 பேர், அதில் 116 குழந்தைங்க. ஸ்கூலுக்குப் பின்னாடி இப்படிக் கொட்டறது ஆபத்துன்னு 1963லேயே உள்ளூர் என்ஜினியர் கடிதம் எழுதியிருக்கார். தேசிய நிலக்கரி வாரியம்தான் பொறுப்புன்னு விசாரணைக் குழு சொல்லிச்சு, ஒருத்தருக்கும் வேலை போகலை. மிச்சமிருந்த மேடுகளை அகற்ற ஆகும் செலவுக்கு, ஜனங்க குழந்தைங்களுக்காக அனுப்பின நிதியிலேர்ந்தே 1,50,000 பவுண்டு எடுத்தாங்க. 1997ல் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தாங்க, வட்டி இல்லாம. 2007ல் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தப்புறம்தான் அந்தக் கணக்கு ஒரு மாதிரி நேராச்சு. கல்லறையில் வெள்ளை வளைவுகள் வரிசையா இருக்கு. மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்னுட்டார்.

திரும்பி வரும்போதுதான் தூது விஷயத்தை எடுத்தேன். இதையெல்லாம் பாத்தப்புறம் இங்கேயே இருக்கணுமா மாமான்னு.

"என் வீட்டை யாருல வாங்குவா? மேட்டைப் பாத்ததும் இன்சூரன்ஸ்காரன் ஓடுதான். சரி, பாதி விலைக்கு வித்துட்டு நான் போயிடுவேன். எனக்கு மவ இருக்கா, பாளையங்கோட்டையில வீடு இருக்கு. எதுத்த வீட்டுக்காரி எங்க போவா?"

"அது உங்க பொறுப்பா மாமா?"

"நான் எங்க பொறுப்புன்னு சொன்னேன்? போக மனசு இல்லன்னு சொல்லுதேன்."

அதுக்கு மேல நான் என்ன பேச? மாமா பொண்ணுகிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு வாரம் என்கூடப் பேசலை.

வேல்ஸ்ல கைவிடப்பட்ட கரிக்கழிவு மேடுகள் 2,500க்கு மேல. அதில் 350க்கும் அதிகமானவை கவனமா கண்காணிக்க வேண்டிய வகை. 2024 நவம்பர்ல பெர்ட் புயலப்போ கூம்டில்லரியில் ஒரு மேடு சரிஞ்சு வீடுகளுக்குள்ள சேறு வந்து, நாப்பது வீட்டுக்காரங்களை ராத்திரியில் வெளியேத்தினாங்க. அன்னிக்கு மறுபடி லண்டன்லேர்ந்து எனக்கு ஃபோன். 2025ல் இந்த மேடுகளுக்காகவே தனிச் சட்டம் போட்டிருக்காங்க. சுரங்கம் போயும் மேடு போகலை.

மாமா இப்பவும் நல்ல மழை பேஞ்ச மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, எதுத்த வீட்டம்மாவோட பேரனையும் கூட்டிக்கிட்டு மேல ஏறி, மேட்டடி வாய்க்கால்ல இலைதழை அடைச்சிருக்கான்னு பாத்துட்டு வர்றார். கவுன்சில் ஆளுங்களும் வர்றாங்க, சென்சார் எல்லாம் வச்சிருக்காங்க. ஆனாலும் இவர் பாக்கணும். எழுபத்தஞ்சு தாண்டின மனுஷன். அந்த ஊர்க் கடையில் கிடைக்கிற மண்வெட்டி நின்னுக்கிட்டு குத்துறதுக்குத்தான் லாயக்கு, குனிஞ்சு இழுத்து வாய்க்கால் தூர்வார உதவாதுன்னு அவருக்குக் குறை. நான் வர்ற மாசம் திருநெல்வேலி போறேன். திரும்பும்போது நல்ல மம்பட்டி ஒண்ணு வாங்கிட்டு வரணுமாம். "தலை மட்டும் போதும்ல. கைப்பிடி இங்க போட்டுக்கிடலாம்."

மம்பட்டித் தலையை செக்-இன் பேக்கேஜில் கொண்டு போன அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஏர்போர்ட்ல பிடுங்கிக்குவாங்களா?